முத்தரசியின் வலது முழங்கால்

"அசையக் கூடாதும்மா. தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கணும். கால் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கலங்கிடும், அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேன் எடுப்பவர் முத்தரசியின் வலது முழங்காலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூட்டை மாட்டினார், இடுக்குகளில் சின்னச் சின்னத் தலையணைகளைச் செருகினார், காதில் ஹெட்போனைக் கவிழ்த்தார், கையில் ஒரு ரப்பர் குமிழைத் திணித்து, "ரொம்ப முடியலன்னா இதை அமுக்குங்க, நான் வந்துடுவேன்" என்றார். கனமான கதவு சாத்திக்கொண்டது. மேஜை அவளை நெஞ்சுவரைக்கும் உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. தலை மட்டும் வெளியே. மேலே வெள்ளைக் கூரை, அதில் ஒரு பழைய நீர்க்கறை, முகத்துக்கு நேரே குளிர்காற்று. ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு அவள். இந்த மேஜையிலும் குதிகால் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஹாஸ்டல் கட்டிலில் நீட்டிக்கொண்டிருந்த மாதிரியே. ஜெர்லினுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜெர்லின் கொஞ்சம் குட்டை, எந்தக் கட்டிலிலும் அடங்குவாள். சற்றுமுன் இதே மேஜையிலிருந்து இறங்கி வந்தவள் அவள்தான், நாகர்கோவில் பக்கம் கருங்கல்காரி, கல்லூரியில் முத்தரசியோடு ஒரே அறையில் இருந்தவள், ஒரே கூடைப்பந்து அணியில் ஆடியவள். கதவுக்கு வெளியே ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். "ஒண்ணும் இல்லட்டி. எனக்கு ஒறக்கந்தான் வந்திச்சு."

உறக்கம் வந்ததாம். டக் டக் டக் என்று இயந்திரம் தொடங்கியது, யாரோ தகரக் கதவை உள்ளேயிருந்து தட்டுவதுபோல், பிறகு ட்ர்ர்ர் என்று ஓர் இழுப்பு, பிறகு மறுபடி டக் டக். இந்தச் சத்தத்தில் உறக்கம் வருமா ஒருத்திக்கு? வரும், ஜெர்லினுக்கு வரும். ரயிலில் கதவோரம் தொற்றிக்கொண்டு நின்றபடி தூங்குவாள், இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வாய் திறந்து தூங்குவாள், பக்கத்துக் கட்டிலில் முத்தரசி விழித்துக்கொண்டு அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். எதை இழக்கப்போகிறோம் என்ற கணக்கு இல்லாதவளுக்குத் தூக்கம் வரும். முழங்காலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவளுக்குத் தூக்கம் வரும். இரண்டு வருடத்தில் அவள் ஒருநாளாவது ஐஸ் கட்டி வைத்து உட்கார்ந்திருக்கிறாளா? கணுக்கால் பிசகிற்று, தோள் பிடித்தது என்று ஒருநாளாவது ஆட்டத்தை விட்டிருக்கிறாளா? கடவுள் சிலருக்கு இரும்பில் மூட்டு செய்து கொடுத்துவிடுகிறார். அசையக் கூடாது. நினைப்பு அசையலாம், கால் அசையக் கூடாது. வலது முழங்கால் இப்போது வலிக்கவில்லை, அதுதான் பயம், இத்தனை நாள் படியிறங்கும்போதெல்லாம் குத்தியது இன்றைக்குப் பார்த்துச் சாதுவாகக் கிடக்கிறது, வெளிச்சம் போட்டுப் பார்க்க ஆள் வந்ததும் மூலையில் பதுங்கிக்கொண்ட மாதிரி. ஆனால் இந்த இயந்திரத்திடம் பதுங்க முடியாது. பெண்கள் கூடைப்பந்து லீக் நடத்துகிறவர்கள் அதற்காகத்தானே அனுப்பியிருக்கிறார்கள். நாளை மறுநாள் டிராஃப்ட். ஆறு அணிகளும் முறை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும், பெயர் வந்தவள் அந்த அணிக்கு, வராதவள் வீட்டுக்கு. அதற்கு முன்னால் எல்லாப் பெண்களின் முழங்காலும் படமாகி, டாக்டரின் எழுத்தோடு ஆறு அணிகளின் கைக்கும் போய்விடும். எந்தக் கால் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள்.

பல்கலைக்கழகப் போட்டி அரையிறுதியில், ரீபவுண்டுக்கு, வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்கு எழும்பி, இறங்கும்போது கீழே எவளோ ஒருத்தியின் பாதம். முழங்கால் உள்பக்கம் மடிந்தது. ஒரு சத்தம். வெளியே கேட்டதா, உடம்புக்குள் மட்டும் கேட்டதா, இன்றைக்கும் தெரியாது. எழுந்து, உதறி, பட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டு கடைசிவரைக்கும் ஆடினாள், ஜெயித்தார்கள், அவளைத்தான் தோளில் தூக்கினார்கள். அடுத்த வாரம் ஹாஸ்டல் மாடிப்படியில் ஒருக்களித்து இறங்கியபோது கீழே நின்ற ஜெர்லின் பார்த்தாள். "என்னட்டி காலு?" "பிடிச்சிருக்குடி, ஒண்ணுமில்ல." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஜெர்லின் உடனே பார்வையை எடுக்கவில்லை. கோர்ட்டில் எதிராளி எந்தப் பக்கம் வெட்டுவாள் என்று இடுப்பைப் பார்த்தே சொல்கிறவள் அவள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாளா? சொல்லமாட்டாள். ஏன் சொல்லமாட்டாள்? இவளை விலக்கினால் ஒரு இடம் காலி, அந்த இடத்தில் யார் ஏறுவாள்? ச்சீ. ஆனால் ஸ்கேன் முடிந்தவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஸ்கேன் எடுப்பவர் சொன்னாரே. அப்படியானால் இந்த நிமிடம் ஜெர்லின் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். என்ன பேசிக்கொண்டிருப்பாள்? அவள் சிரித்தால் எல்லோருக்கும் பிடித்துவிடும். "அடுத்து வர்றது என் ஃப்ரெண்டுதான் டாக்டர், அவளுக்குக் கொஞ்ச நாளா காலு..." என்று, பரிவாகவே, கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம். ட்ர்ர்ர்ர். பரிவாகச் சொன்னாலும் கெடுதல் கெடுதல்தான்.

அவளுக்கென்ன, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. அதுதான், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து முட்டுகிறது. லீக் அறிவிப்பு முதலில் வந்தபோது கல்லூரியில் படிக்கிறவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். கோச் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வருஷம் முடிச்சுட்டுப் போ, டிகிரி கையில இருக்கும்" என்றார். ஒரு வருஷம் இந்த முழங்கால் தாங்குமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? இரண்டாம் வருடம் முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு சொந்த ஊர் பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினாள். அம்மா தையல் மிஷினை நிறுத்தவில்லை. பாவாடை ஒன்றின் விளிம்பை அடித்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "நாளைக்கு நீ ஒண்ணுமில்லாம திரும்பி வந்தா ஊரு என்ன கேக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போ" என்றாள். அந்த ஒரு சொல்லை நெஞ்சில் கட்டிக்கொண்டு மூன்று மாதம் தனியாக, ஊர் மைதானத்தில், விடியற்காலையில், வலை கிழிந்த ரிங்கில் பந்து போட்டாள். அப்போதுதான் விதி மாறியது. படிக்கிறவர்களும் வரலாம், பிரின்ஸிபால் கையெழுத்து போதும். ஜெர்லின்தான் போனில் சொன்னாள், மூச்சு வாங்க. "ஏட்டி, எனக்கும் சரின்னு சொல்லிட்டாவ! ஹாஜருக்கும் பிரச்சினை இல்லையாம்! நாம ரெண்டு பேரும் போறோம் கேட்டியா!" "சூப்பர்டி" என்றாள் முத்தரசி. நன்றாகத்தான் சொன்னாள், குரல் எங்கேயும் இடறவில்லை. போனை வைத்துவிட்டுப் பந்தை எடுத்தாள். அன்றைக்கு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இவள் படிப்பைக் கொடுத்துவிட்டு வாங்க வந்ததை அவள் எதையும் கொடுக்காமலே வாங்கிக்கொண்டாள். கல்லூரியும் அவளுக்கு, லீக்கும் அவளுக்கு. ஒருவேளை இங்கே எடுக்கவில்லையென்றால் துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாள் வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்வாள், யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். முத்தரசியின் பதினோராம் நம்பர் ஜெர்ஸியைக்கூட அவள்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள் இப்போது. "உன் ஞாபகமா நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றாள். ஞாபகமாம். செத்தவர்களுக்குத்தான் ஞாபகம் வைப்பார்கள். முத்தரசியின் விரல்கள் இறுகின.

சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறந்தது. "என்னம்மா ஆச்சு? அமுக்கினீங்களே?" அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரப்பர் குமிழ் உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்தது. "தெரியாம அமுக்கிட்டேன் சார்." அவர் பெருமூச்சு விட்டார். "காலையும் அசைச்சுட்டீங்க. இந்தப் படம் போச்சு. இதை மட்டும் மறுபடி எடுக்கணும். பயமா இருக்கா? எதையாவது நல்லதா நெனச்சுக்கிட்டுப் படுங்க." "சரி சார்." "உங்க கூட வந்தவங்க அவ்வளவு அமைதியா இருந்தாங்க, கல்லு மாதிரி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

நல்லதாக. சரி. டக் டக் டக். நல்லதாக எதை நினைப்பது? யூடியூபில் ஒருவன் டிராஃப்டில் யார் யாரை எடுப்பார்கள் என்று வாராவாரம் வரிசை போட்டு வீடியோ விடுகிறான். முதலில் முத்தரசி மூன்றாவது, ஜெர்லின் பெயரே கிடையாது. பிறகு ஜெர்லின் வந்தாள், ஏறினாள். போன வாரம் ஜெர்லின் நான்காவது, முத்தரசி எட்டாவது. "முத்தரசி திறமைசாலிதான், ஆனா மூணு மாசமா போட்டி எதுவும் ஆடல, உடம்பு எப்படி இருக்குன்னு தெரியல" என்றான். ஊர் பேர் தெரியாத ஒருவன், அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஜெர்லின் அந்த வீடியோவை அனுப்பி, கீழே சிரிக்கிற பொம்மை போட்டு, "இவனுக்கு ஒண்ணும் தெரியாதுட்டி" என்று எழுதியிருந்தாள். நான்காவதில் இருக்கிறவளுக்கு அப்படி எழுதுவது சுலபம். அவள் படத்திலும் கிழிசல் மாதிரி ஒரு கோடு இருந்தால் என்ன? அந்த எண்ணம் எந்த வழியாக உள்ளே வந்தது என்று முத்தரசிக்குத் தெரியவில்லை. மெல்லிசாக ஒரு கோடு, முழங்காலுக்குள், வெள்ளையாக. அவளுக்கே தெரியாமல் இருக்கலாம் அல்லவா? வலி இல்லாமலே சிலருக்கு இருக்குமாம். வேண்டாம், கோடு வேண்டாம், சாமி, அதை நான் கேட்கவில்லை. சின்ன வீக்கம் போதும். வீக்கம்கூட வேண்டாம், டாக்டருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான், சந்தேகம் என்று எழுதினால் போதும், நான்காவது ஏழாவது ஆகும், பிறகு அவள் நன்றாகவே இருக்கட்டும், நூறு வருடம் ஓடட்டும். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் ஜெர்லின். "உனக்கும் சேத்துதான் ஏத்தினேன்" என்று வந்து சொல்வாள். அவள் அங்கே இவளுக்காக முட்டிபோட்ட அதே முட்டிக்கு இவள் இங்கே படுத்துக்கொண்டு கேடு கேட்கிறாள். கண்ணோரம் சூடாக ஒன்று இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்க முடியாது. அசையக் கூடாது. நிஜமாகவே இவளுக்கும் சேர்த்துத்தான் ஏற்றினாளா? யார் பார்த்தது?

ஆனால் அந்தப் பாஸ். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஜெர்லின் பந்தைத் தட்டிக்கொண்டு வலது பக்கம் போவாள், எதிரணி முழுவதும் வலது பக்கம் சாயும், அவள் முகமும் வலது பக்கம்தான் இருக்கும், பந்து மட்டும் இடுப்புக்குப் பின்னாலிருந்து இடது பக்கம் வரும், முத்தரசி இன்னும் வந்து சேராத ஓர் இடத்துக்கு. வந்து சேரும்போது பந்து அங்கே இருக்கும். அவள் எப்படிப் பார்த்தாள் என்று யாருக்கும் புரியாது. "நீ எங்க வருவன்னு எனக்குத் தெரியும், அதுக்கு எதுக்குப் பாக்கணும்?" என்பாள். இவள் போட்ட புள்ளிகளில் பாதிக்கு மேல் அவள் கையிலிருந்து வந்தவை. பேப்பரில் பெயர் இவளுக்குத்தான் வரும். அதற்கு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருப்பாளோ? பார்க்கவில்லையே, அப்போது யாராவது தோளில் தூக்கிக்கொண்டிருப்பார்கள். நாளை மறுநாள் வேறு வேறு அணி வேறு வேறு பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பாஸை ஜெர்லின் வேறு எவளுக்கோ கொடுப்பாள். வேறு ஒருத்தி இடது பக்கம் ஓடி வருவாள், உயரமாக, நல்ல முழங்காலோடு, பந்து அவளுக்கு முன்னால் போய்க் காத்திருக்கும். இதை நினைத்ததும் இத்தனை நேரம் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. நான்காவது எட்டாவது எல்லாம் என்ன, படிப்பு என்ன, பதினோராம் நம்பர் என்ன. அந்தப் பந்து. முகம் தெரியாத அந்த உயரக்காரியை முத்தரசி வயிறு காந்த வெறுத்தாள். அவளை வெறுப்பதா, கொடுக்கிறவளை வெறுப்பதா என்று தெரியாமல் கிடந்தாள். கீய்ங் என்று இயந்திரம் ஒரு கடைசி ஓலம் விட்டு அடங்கியது. மேஜை வெளியே நகர்ந்தது.

டாக்டர் ஒரு வயதான அம்மா, நரைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். சிறிது நேரம் கணினித் திரையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப விழுந்த?" முத்தரசி சொன்னாள். சொல்லும்போது யாரோ வேறு பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. "ஹும். மூட்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்குல்ல, அதுல ஓரமா ஒரு கிழிசல். பழசு. சின்னதுதான். நல்ல பயிற்சி குடுத்தா ஆடலாம். விளையாடக் கூடாதுன்னு நான் எழுதமாட்டேன். ஆனா இருக்கறதை இருக்குன்னு எழுதித்தான் ஆகணும். எடுக்கறதும் விடறதும் டீம்காரங்க பாடு, புரியுதா?" முத்தரசி தலையாட்டினாள். கேட்க எத்தனையோ இருந்தது. ஆபரேஷன் வேண்டுமா, எத்தனை நாளில் சரியாகும், சின்னது என்பதைச் சேர்த்து எழுதுவீர்களா, எழுதினால் அவர்கள் அதைப் படிப்பார்களா. வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு. "ஜெர்லினுக்கு எப்படி டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அடுத்தவங்க ரிப்போர்ட்டை நான் சொல்லக் கூடாதும்மா." முத்தரசிக்கு முகமெல்லாம் சூடேறியது. டாக்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியிருந்தது. "நல்லா இருக்குடி உங்க கூட்டு. அந்தப் பொண்ணும் இதையேதான் கேட்டுச்சு. நீ உள்ள இருந்தப்ப. 'அடுத்து வர்ற முத்தரசிக்கு எப்படி இருக்கு, ஏதாவது இருக்கா'ன்னு. படமே இன்னும் வரலையே அம்மான்னேன். எழுந்து கதவுவரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து மறுபடியும் கேட்டுச்சு. இந்த வயசுல ஒருத்தி மேல ஒருத்திக்கு இவ்வளவு அக்கறை, பார்க்கவே சந்தோஷமா இருக்கு." முத்தரசி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து மறுபடியும் கேட்டாள். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குக் காதில் கேட்டது. தன் வாயிலிருந்து இப்போதுதான் வந்த குரல் அது. ஜெர்லினா? நான்காவதில் இருக்கிற ஜெர்லினா, கல்லூரியும் லீக்கும் கையில் இருக்கிற ஜெர்லினா? அவள் எதற்கு இவள் காலில் கோடு தேட வேண்டும்? தேடியிருக்கிறாள். பேப்பரில் பெயர் வராத இரண்டு வருடமும் தேடியிருப்பாள். முத்தரசிக்குக் கோபம் வரவேண்டும், வரும் என்று காத்திருந்தாள். வந்தது வெட்கப்படும்படியான ஒரு குளிர்ச்சி. என்னைப் பார்த்துமா ஒருத்திக்கு வயிறு எரிகிறது, என்னைப் பார்த்துமா.

வெளியே, பிளாஸ்டிக் நாற்காலி வரிசையின் கடைசியில் ஜெர்லின் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் விருட்டென்று எழுந்தாள். "என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் இல்லையாம்."

ஜெர்லினின் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகுதான் சிரிப்பு வந்தது. அந்த ஒரு நொடியை முத்தரசி பார்த்துவிட்டாள். பார்க்கப்பட்டதை ஜெர்லினும் பார்த்துவிட்டாள். இருவருக்கும் நடுவில் யாரோ ஒரு வயதானவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பொய்டி" என்றாள் முத்தரசி. "கிழிஞ்சிருக்கு. ஓரமா. எழுதிடுவாங்க."

எதற்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த முகத்தில் அடுத்து என்ன வரும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. முதலில் வந்தது ஒரு தளர்ச்சி, சுமை இறக்கியவள் தோளில் வருமே அது. அதன் பின்னாலேயே கண்கள் நிரம்பின. இரண்டுமே நிஜம்தான் என்று முத்தரசிக்குத் தெரிந்தது. ஜெர்லின் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"மன்னிச்சிருட்டி."

"எதுக்கு?"

"தெரியல்ல." கைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள் முத்தரசி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்னுடையதைச் சொல்லலாம், உள்ளே படுத்துக்கொண்டு என்ன கேட்டாள் என்பதை. வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் இருவரும் சமம் ஆகிவிடுவார்கள். கொஞ்ச நேரமாவது, இந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுகிறவரைக்குமாவது, மன்னிப்பு கேட்கப்பட்டவளாக இருந்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஜெர்லினின் முதுகில் கையை வைத்தாள். அது குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகை அடங்குகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.